மீது என்ற சுருக்கு

கண் விழித்ததும் நிறைமதி எழுந்து நின்று கட்டிலின் விளிம்பைத் தட்டினாள். "ஒ" என்றாள். ஒதுக்கு என்ற கட்டளையின் சுருக்கு அது. கட்டில் பிசைந்த மாவு போல இளகிச் சுவருக்குள் போனது. அடுத்து "கா" என்றாள். எப்போதோ அவள் பதிந்து வைத்திருந்த காலை வடிவத்துக்கு அறை மாறத் தொடங்கியது. அடுப்பு மேடை எழும்பியது. ஜன்னல் கிழக்குப் பக்கமாக நகர்ந்தது. பல் துலக்கிவிட்டு வருவதற்குள் படுக்கையறை சமையலறையாகியிருந்தது.

சூளகிரி மேட்டில் நின்ற வனைமாடங்கள் எல்லாவற்றிலும் காலை இப்படித்தான் தொடங்கியது. கடல் உள்ளே வந்தபோது கரையோர ஊர்களைக் காலி செய்து மேட்டு நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை பேருக்கும் வீடு கட்ட மேட்டில் இடமில்லை. அந்த நெருக்கடியில்தான் வனைமண் புழக்கத்துக்கு வந்தது. சொன்ன வடிவத்தை எடுத்து, மின்சாரம் ஓடும்வரை அதிலேயே இறுகி நிற்கும் மண். ஒரே அறையைக் காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த வடிவத்துக்குத் திரும்புவது என்று மண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்து மென்பொருள்காரர்கள் தங்கள் நிரல்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமித்து வைத்த முறையையே மாடங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். மாடம் முழுவதற்கும் ஒரு மூலப் பதிப்பு. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிளை. எதை மாற்றினாலும் பதிய வேண்டும். பதியாத மாற்றம் நிலைக்காது.

பதினாறாம் மாடத்தின் பதிப்புப் பொறியாளர் நிறைமதி. மணமுறிவுக்குப் பிறகு அதே மாடத்தின் ஆறாம் தளத்தில் தனியாக வசித்தாள். வேலையில் கெட்டிக்காரி, கொஞ்சம் பொறுமை போதாது. நீளமான கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவளுக்கு எரிச்சல். அதனால் அவளே சுருக்குகள் செய்துகொண்டாள். நிலை என்பதற்கு 'நி'. வேறுபாடு என்பதற்கு 'வே'. அவள் செய்தவற்றிலேயே பெயர் வாங்கியது 'மீது'. மீள், துடை என்ற இரண்டு கட்டளைகளின் முதலெழுத்துகள். வளைந்துபோன சுவர்களை மீள் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நடைவழியில் யாரோ செய்து விட்டுப்போன மேடு, பள்ளம், பிள்ளைகளின் சறுக்குமரம் என்று பதிவில் இல்லாத எல்லாவற்றையும் துடை அழிக்கும். முன்பு ஒரு பகல் பொழுதை விழுங்கிய வேலை, மீது வந்த பிறகு ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்தது. குடியமர்வு வாரியம் அதை எல்லா மாடங்களுக்கும் அனுப்பி வைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் எல்லா மாடங்களிலும் மீது ஓடியது.

அன்று புதன்கிழமை. அவள் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபோது தணிகை திரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். ஆரணிப் பக்கத்துக்காரன், இரண்டு வருடமாக அவளுக்குக் கீழே இயக்குநராக வேலை செய்கிறான்.

"அக்கா, பதினோராந் தளத்துல செவப்பு வந்துகீது பாரு."

"என்னவாம்?"

"எடக் கணக்கு இடிக்குது. நடுச்சுவர்ல இருக்க வேண்டிய மண்ணு அங்க இல்ல. சுத்தியும் பிதுங்கிகினு நிக்குது. அது முழுக்கக் கெட்டிச் சுவராச்சே, ரூமே கெடையாதே."

"வெள்ளிக்கிழமை மீதுல சரியாயிடும்."

"இன்னிக்கு மதியம் வாரியத்துலர்ந்து பாக்க வராங்க. செவப்பப் பாத்தா மேனேஜரு நம்மளத்தான் கத்துவாரு."

நிறைமதி வனைகரண்டியை எடுத்துக்கொண்டாள். சிறு பழுதுகளைக் கையால் சரிசெய்ய வைத்திருக்கும் கரண்டி அது. அதன் நுனியில் ஓடும் மின்சாரம் பட்ட இடத்தில் மண் இளகிக் கொடுக்கும். "உள்ளுக்குள்ள வெடிச்சிருந்தா ஆபத்து. நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

பதினோராம் தளத்தின் நடைவழியில் ஆள் நடமாட்டம் இல்லை. நடுச்சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. கரண்டியை வைத்து இழுத்ததும் சுவர் இரண்டாகப் பிரிந்தது. உள்ளிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது.

சுவருக்குள் ஒரு அறை இருந்தது. பாய், ஒற்றை அடுப்பு, தண்ணீர் வாளி, கொடியில் ஒரு ஆணின் சட்டை, மாதா படம். நடுவில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், கையில் இன்னொரு வனைகரண்டியைக் கத்தி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், உள்ள வாங்க. வந்து மூடுங்க. ஆராவது பாத்துருவாவ" என்றாள் அவள். அதட்டுவது போலத் தொடங்கிக் கெஞ்சுவது போல முடித்தாள்.

ஏன் அப்படிச் செய்தோம் என்று நிறைமதிக்குப் பின்னாலும் விளங்கவில்லை. உள்ளே நுழைந்து, கரண்டியால் பிளவை மூடினாள்.

அந்தப் பெண்ணின் பெயர் பிரகாசி. மணப்பாட்டுக்குத் தெற்கே, இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து வந்தவள். "படகு இருக்குன்னு எங்க ஆளுவ கடசி வரைக்கும் அங்கயே கெடந்தாவ, மேடம். ஒருவழியா ஏறி வந்து நின்னா, பதிவு முடிஞ்சு போச்சு, வந்த வழியே போங்கன்னுட்டாவ. வந்த வழில கடல்தான கெடக்கு?"

"எவ்வளவு நாளா இங்க?"

"ஒரு வருசம் இருக்கும். வெள்ளிக்கிழம காலையில எல்லாத்தயும் மூட்டையாக் கட்டித் தூக்கிட்டுப் போயி மாடிப்படில உக்காந்துருவோம். மீது வந்துட்டுப் போவும். பொறவு வந்து மறுபடியும் தோண்டுவோம். எங்க வீட்டுக்காரரு சேவியர் சுமை எறக்குற வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தோண்டிக் குடுத்துட்டுப் போவாரு."

ஐம்பது தடவையாவது இந்த வீடு அழிந்திருக்கும் என்று நிறைமதி நினைத்தாள். திரையில் அதெல்லாம் ஒரு பச்சைக் குறியாக மட்டுமே அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"இந்தச் சுவருல இன்னும் யாராவது இருக்காங்களா?"

 பிரகாசி கண்ணால் மேலே காட்டினாள். "சந்தியாகு அண்ணாச்சி. சங்கு குளிச்சவிய. ராத்திரி பூரா கீழ பம்புல வேல. இப்பத் தூங்குவாவ. அவிய எந்திச்சா தரையில ரெண்டு தட்டு தட்டுவாவ, நான் குழம்பு குடுத்துவிடுவேன்."

நிறைமதி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இதை மேலே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தால் இவர்கள் இரவுக்குள் வெளியேற்றப்படுவார்கள். தெரிவிக்காவிட்டால் சிவப்புக்கு என்ன காரணம் சொல்வது? அவள் அதை யோசித்துக்கொண்டிருந்தபோதே காலுக்கடியில் தரை முனகியது. மாவரைக்கும் இயந்திரம் தொலைவில் ஓடுவது போன்ற சத்தம். அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது.

பாய்ந்து போய்ப் பிளவு இருந்த இடத்தில் கரண்டியை வைத்தாள். மண் இளகவில்லை, எதிர்த்துத் தள்ளியது. உள்ளங்கையைச் சுவரில் பதித்து, "நிறுத்து" என்றாள். கையில் கட்டியிருந்த சிறு திரையில் பதில் வந்தது: கட்டளை ஓடுகிறது. மூலப் பதிப்பு பூட்டப்பட்டுள்ளது.

"தணிகை! நீ மீது போட்டியா?"

கைத் திரையிலிருந்து அவன் குரல் கேட்டது. "ஆமாக்கா, மேனேஜரு ரெண்டு வாட்டி கூப்ட்டாரு. நீயும் ஒண்ணும் சொல்லல. நீ நடையிலதான நிக்கற? படத்துல அப்டித்தான காட்டுது?"

படம் அப்படித்தான் காட்டும். சுவருக்குள் ஓர் இடம் இருப்பது பதிவில் இல்லை. அங்கே நிற்பவரை அது பக்கத்தில் தனக்குத் தெரிந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டும்.

"நான் சுவருக்குள்ள இருக்கேன். இங்க ஒரு ரூம் இருக்கு. நிறுத்த வழி இருக்கா பாரு."

அவன் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பாதில நிறுத்த முடியாதேக்கா. மண்ணு பாதி எளகி நின்னா மேல இருக்கற தளமெல்லாம் எறங்கிடும். உனக்குத் தெரியாததா?" என்றான். 

சுவர்கள் நகரத் தொடங்கின. அவசரமே இல்லாத நகர்வு. முதலில் மூலைகள் உருண்டன. கொடி தளர்ந்து சட்டை விழுந்தது. பிரகாசி மாதா படத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமதான மேடம் வரும்? இன்னைக்குப் புதன்தான?"

நிறைமதி கரண்டியால் சுவரைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஆளு இருக்கான்னு ஒரு வார்த்த கேக்காதா அது?"

"கேக்கும்." நிறைமதி குத்துவதை நிறுத்தினாள். "துடைன்னு தனியாச் சொன்னா ஒவ்வொரு இடத்துலயும் நின்னு, ஆள் உண்டான்னு கேக்கும். பாத்துட்டு இல்லைன்னு சொல்லணும். மீதுல கேக்காது."

"ஏன் கேக்காது?"

"ஒரு நாளைக்கு நூறு தடவ இல்லை, இல்லைன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. எப்பவுமே இல்லைதான். அதனால அந்தப் பதிலை மீதுக்குள்ளயே எழுதி வச்சுட்டேன்."

"நீங்களா?"

"நான்தான்."

பிரகாசி அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. வாளி நசுங்கித் தண்ணீர் தரையில் பரவியது. இருவரும் அறையின் நடுவுக்கு வந்து முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். சேவியருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பிரகாசி முணுமுணுத்தாள். எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை.

நிறைமதி கண்களை மூடி, ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை வரி வரியாக நினைத்துப் பார்த்தாள். மீள் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய சுவர்களைத் தள்ளுவது அதுதான். அது முடிந்ததும் துடை வரும். இந்த அறையில் எது மிஞ்சினாலும் கெட்டியாக்குவது துடைதான். பதிவில் உள்ள இடத்தை இரண்டுமே தொடாது. மூலப் பதிப்பு பூட்டியிருப்பதால் அதில் எதையும் எழுத முடியாது. ஆனால் குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கிளை உண்டு. அதைப் பூட்ட நிர்வாகத்துக்கு உரிமை இல்லை.

கையை எதிர்ச் சுவரில் வைத்தாள். அதற்கு அவள் கையை நீட்டவே வேண்டியிருக்கவில்லை. "நிறைமதி கிளை. இந்த இடத்தை என் வீடாகப் பதி."

திரை கேட்டது: ஒருவருக்கு ஒரு வீடு மட்டுமே. ஆறாம் தளத்தில் உள்ள வீடு பதிவிலிருந்து நீங்கும். சம்மதமா?

அந்த வீட்டில் இப்போது ஆளில்லை என்பதை மட்டும் ஒருமுறை நினைத்துக்கொண்டாள். "சம்மதம்."

தோளை உரசிய சுவர் நின்றது.

பிரகாசி மூச்சை விட்டாள், அழுதாள், சிலுவை போட்டுக்கொண்டாள். நிறைமதி மெல்லத் திரும்பினாள். இரண்டு பேர் நிற்கலாம், முட்டியை மடக்கினால் உட்காரலாம். தலைக்கு மேல் ஒரு சாண். வனைமண்ணில் நுண்துளைகள் உண்டு, காற்றுக்குப் பயமில்லை. ஆனால் இருக்கும் வடிவத்தைத்தான் பதிய முடியும். அந்த வடிவத்தில் கதவு இல்லை. வீடாகப் பதிந்த இடத்தின் சுவரில் கரண்டி வேலை செய்யாது; புதுக் கதவு வைக்க நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும்.

அப்போதுதான் மேலேயிருந்து சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

"அண்ணாச்சி எந்திச்சுட்டாவ" என்றாள் பிரகாசி. சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவளுக்கே புரிந்தது. "மேடம், அண்ணாச்சி! மேலயும் அதே மாதிரிப் பதியுங்க, சீக்கிரம்!"

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். என்னோடது இங்க போயிடுச்சு."

"வேற ஆரும் பதிய முடியாதா?"

முடியும். மாடத்தில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் தன் வீட்டை விட்டுக்கொடுத்து அந்த இடத்தைப் பதியலாம். நிறைமதி பன்னிரண்டாம் தளத்துக் குழுவுக்கு அவசரச் செய்தி அனுப்பினாள். 'எந்த வீடு?' என்று ஒருவர் கேட்டார். எண்ணே இல்லாத வீட்டுக்கு எந்த எண்ணைச் சொல்வது? 'இது என்ன விளையாட்டு?' என்று இன்னொருவர் எழுதினார்.

மேலே மறுபடியும் தட்டினார். இப்போது இரண்டு தட்டு இல்லை. விடாமல் தட்டும் சத்தம்.

"தணிகை, உனக்கும் வீடு இருக்கில்ல? உன் கிளையைக் குடு. எனக்கு நேர் மேல, பன்னெண்டாந் தளத்துல ஒரு பெரியவர் இருக்கார்."

"அக்கா, வீட்ல கோத தூங்கறா." கோதை அவன் மனைவி, மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தாள். "வீட்ட எடுத்தா இதே மீது அங்கியும் பூந்துடுமே. அவள வெளிய கொணாரணும்."

"கூப்பிடு!"

"கூப்ட்டுகினேதான் இருக்கறன், எடுக்கல. நான் ஓடறன்க்கா."

அவன் ஓடும் சத்தம் கேட்டது. கதவு அறைந்தது. பிறகு படிக்கட்டில் காலடிகள்.

பிரகாசி கரண்டியின் பிடியால் மேற்கூரையைத் தட்டினாள். "அண்ணாச்சி! நடுவுல வந்து நில்லுங்க! ஆளு வருது!" என்று கத்தினாள். வனைமண்ணில் தட்டும் சத்தம்தான் ஏறும், பேச்சு ஏறாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கத்தினாள். மேலிருந்து தட்டுகள் பதிலாக வந்தன. அவள் தட்டினால் அவரும் தட்டினார். கீழே ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறைமதி தன் கரண்டியையும் எடுத்துத் தட்டினாள். மூலப் பதிப்பின் பூட்டு விலகியதா என்று நடு நடுவே கேட்டாள். இல்லை, இல்லை என்றே திரை சொல்லிக்கொண்டிருந்தது. மீள் முடிந்து துடை தொடங்கிவிட்டதையும் அதே திரைதான் காட்டியது.

மேலே தட்டுகள் மெதுவாயின. கை வீசித் தட்ட இடமில்லாமல், விரல் கணுவால் தட்டுவது போலச் சிறுத்தன.

"அக்கா!" தணிகை மூச்சிரைத்தான். "கோதய வெளிய கொணாந்துட்டன். சொல்லு, எந்த எடம்?"

நிறைமதி சொன்னாள். தளம், நடுச்சுவர், தன் வீட்டுக்கு நேர் மேலே. அவன் அதைத் திருப்பிச் சொல்வதும் கேட்டது. 

"தணிகை?"

"பதிஞ்சன்க்கா." அவன் திரையை வாசித்தான். "'பதிவதற்கு எதுவும் இல்லை. இடம் சுத்தமாக உள்ளது'ன்னு வருது. திரும்பப் போட்டுப் பாத்தன். அதேதான் வருது."

பிரகாசி இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். நிறைமதி அவள் கையைப் பிடிக்க முயன்றாள். அவள் உதறிவிட்டுத் தட்டினாள். அவள் தட்டிக் காத்திருக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

மதியம் மேலாளர் கைத் திரை வழியே பேசினார். கோபப்படவில்லை, நோயாளியிடம் பேசுவது போல இதமாகப் பேசினார். "நிறைமதி, உங்க பதிவைத் திரும்ப வாங்கிக்குங்க. பூட்டெல்லாம் எடுத்தாச்சு, உடனே வழி விட்டுடுவோம். ஆறாம் தளத்து வீடும் பழையபடி வந்துடும். இந்த இடம் மூடிக்கும். வாரியத்துக்காரங்க வந்துட்டாங்க, அவங்க போறதுக்குள்ள முடிச்சுக்கலாம்."

"என்கூட இன்னொருத்தர் இருக்காங்க. மேல ஒருத்தர் இறந்துட்டார்."

"பதிவுல உங்க பேரு மட்டும்தான் காட்டுது."

"வாங்கிக்கிட்டா இங்க ஒரு ரூம் இருந்ததுக்கே அடையாளம் இருக்காது. அவர் இருந்ததுக்கும் இருக்காது. கதவை வச்சு மூலத்தோட இணைங்க. அப்புறம் பேசலாம்."

"அதுக்கு ஒப்புதல் வரணும். நாளாகும்."

"இருக்கேன்."

குரல் போய்விட்டது. இருவரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். தரையில் சிந்திய தண்ணீரை மண் குடித்துவிட்டிருந்தது. தாகமெடுத்தது. நடைவழியில் பலர் நடந்து போகும் சத்தம் கேட்டது. வாரியத்துக்காரர்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போனார்கள். பிரகாசி சுவரைத் தட்டக் கையை ஓங்கினாள்; பிறகு இறக்கிக்கொண்டாள்.

"ஆரும் கேக்கமாட்டாவ, அக்கா" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவளை அக்கா என்று கூப்பிட்டாள். "அண்ணாச்சி தட்டுனத நாம கேட்டோமே. என்ன செய்ய முடிஞ்சிது?"

 மேலாளர் சொன்னபடி ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே போய்விடலாம். அதை நினைக்காமல் இருக்க நிறைமதியால் முடியவில்லை. பிரகாசிக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் அவள் சொல்லச் சொல்லவும் இல்லை, சொல்ல வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

கடைசியில் வழி திறந்தது தணிகையால். வாரியத்துக் குழுவின் தலைவி கட்டுப்பாட்டு அறைக்கு வந்து நின்றபோது திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. மேலாளர் அதைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தணிகை குறுக்கே புகுந்து, "மேடம், செவுத்துக்குள்ள ரெண்டு பேரு கீறாங்க" என்றான். மேலாளர் அவனை வெளியே போகச் சொன்னார். அவன் போகவில்லை. பதினோராம் தளத்தின் ஒலியை அறை முழுவதும் கேட்கும்படி திருப்பிவிட்டு, "அக்கா, பேசு. எல்லாரும் கீறாங்க, பேசுக்கா" என்றான்.

நிறைமதி பேசவில்லை. கையில் கட்டியிருந்த திரையைப் பிரகாசியின் பக்கம் நீட்டி, "நீ பேசு" என்றாள்.

பிரகாசி தன் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். சந்தியாகுவின் பெயரையும், அவர் கடைசியாக எப்படித் தட்டினார் என்பதையும் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் கதவுக்கு ஒப்புதல் வந்துவிட்டது.

விசாரணை நடந்தது. கதவு வைத்தபோது கொஞ்சம் அகலமாக்கிய பதினோராம் தளத்து அறை, நிறைமதியின் வீடாகப் பதிவிலேயே இருந்தது; சேவியரும் பிரகாசியும் அவளுடைய விருந்தினர்களாக அங்கே தங்க விதி இடம் கொடுத்தது. நிறைமதியின் வேலை போயிற்று. ஆறாம் தளத்து வீட்டில் இருந்தவை எல்லாம் சுவராகிவிட்டன. சந்தியாகுவின் உடலைத் தோண்டியெடுக்க வாரியம் மறுத்துவிட்டது. மேல் தளங்களைத் தாங்கும் சுவர் அது. அங்கே ஓர் அறை இருந்ததாக எந்தப் பதிப்பிலும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மீது என்ற சுருக்கை விலக்கச் சொல்லி எல்லா மாடங்களுக்கும் உத்தரவு போனது. பல மாடங்களில் இயக்குநர்கள் அதை வேறு பெயரில் வைத்துக்கொண்டார்கள். வேலை சீக்கிரம் முடிகிறதே என்றார்கள்.

சந்தியாகுவின் மகள் ஜெசிந்தா திருவண்ணாமலைப் பக்கத்து மாடத்தில் சமையல் வேலை செய்தாள். அவளுக்கு அங்கே முறையான பதிவு உண்டு. அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு இரண்டு தடவை எழுதியிருக்கிறாள். செய்தி கேட்டு ஒரு பையோடு வந்து இறங்கினாள். சேவியர் அவளை அறைக்கு அழைத்து வந்தான். அவள் உட்காரவில்லை, மேற்கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு மேலயா?"

"ஆமா" என்றாள் நிறைமதி.

"சத்தம் போட்டாவளா?"

பொய் சொல்லிவிடலாமா என்று நிறைமதி நினைத்தாள். "தட்டினார்" என்றாள்.

"பதிலுக்கு ஆரும் தட்டுனிகளா?"

"நான் தட்டுனேன்" என்றாள் பிரகாசி. தட்டித் தட்டிப் புண்ணான அவள் வலது கையில் கட்டு இன்னும் இருந்தது. "இந்த அக்காவும் தட்டுனாவ. நாங்க விடல, ஜெசிந்தா. அவிய நிறுத்துன பொறவும் நாங்க விடல."

ஜெசிந்தா தலையாட்டினாள். பிறகு நிறைமதியிடம் திரும்பினாள். "செத்ததுக்கு ஒரு சீட்டு கேட்டா, அப்படி ஒரு ஆளே இங்க இல்லங்காவ. எங்கயாவது எங்கப்பா பேர எழுத முடியுமா? மாதா கோயில் ஏட்டுல இல்ல. உங்க இந்தப் பதிவுல."

நிறைமதி யோசித்தாள். எதையும் மாற்றாத பதிவு என்று ஒன்று உண்டு. மண்ணுக்கு அதில் வேலை இல்லை. ஒரு குறிப்பை மட்டும் அது தாங்கி நிற்கும். மாடம் இருக்கும்வரை பதிப்புகளின் வரிசையில் அது இருக்கும். அதை யாராலும் எடுக்க முடியாது. யாரும் பயன்படுத்தாத கட்டளை அது. பயிற்சிக் காலத்தில் ஒரே ஒருமுறை பார்த்த நினைவு. தன் கிளையில் அதைத் தொடங்கி, மேற்கூரையில் கை வைத்துக் குறிப்பைச் சொன்னாள். திரையில் எழுத்துகள் வந்தன. ஜெசிந்தா குனிந்து வாசித்தாள்.

மணப்பாட்டுக்குத் தெற்கே பிறந்த சந்தியாகு, சங்கு குளித்தவர், பன்னிரண்டாம் தளத்தின் நடுச்சுவரில் இருந்தார்.

"இருந்தார்னு போடாதிய" என்றாள் ஜெசிந்தா. "எங்கப்பாவ எங்க கொண்டு போனாவ? அங்கதான இருக்காவ."

நிறைமதி அந்த ஒரு சொல்லை மாற்றினாள். பிறகு பதிந்தாள்.

ஜெசிந்தா அதை இன்னொரு முறை வாசித்தாள். பிரகாசி இடது கையால் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றித் தட்டை நீட்டினாள். மூன்று பேர் உட்காரவே நெருக்கடியான இடம். சேவியர் எழுந்து வாசலில் போய் நின்றான். ஜெசிந்தா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.